நாலு விரல் இடைவெளி

கார் அலங்காரக் கடையில் மூன்று முன்பக்க பம்பர்களையும் பழைய கார்ப்பெட் விரித்து வரிசையாக வைத்திருந்தார்கள்.

"நீயே சொல்லு கண்ணு. எதப் போடலாம்?"

அவள் பம்பர்களைப் பார்க்கவில்லை. கணவன் பூபதியின் முகத்தைப் பார்த்தாள். விடை அங்கேதான் இருக்கும்.

அவன் பார்வை மூன்றாவதில் நின்றது.

மூன்றிலும் தாழ்வானது அதுதான். கறுப்பு ஃபைபர். அடியில் மெல்லிய விளிம்பு ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அன்வர் குனிந்து, தரைக்குமேல் கையைப் படுக்கவைத்துக் காட்டினார். ஸ்பிரிங்கையும் மாற்றி வண்டியை இறக்கிவிட்டால் நாலு விரல் இடைவெளிதான் இருக்குமாம். ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போகுமாம்.

ஸ்பீடு பிரேக்கரில் மட்டும் பார்த்து ஏறணும் என்றார்.



வீட்டிலிருந்து அவள் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடம் வரை பதினோரு ஸ்பீடு பிரேக்கர். எண்ணிவைத்திருக்கிறாள். இப்போதிருக்கும் உயரத்திலேயே இரண்டில் வண்டியின் அடி தட்டும். பால் சொசைட்டி முன்னால் ஒன்று. ரயில்வே கேட்டைத் தாண்டி ஒன்று.

தட்டினால் வண்டியை ஓரங்கட்டுவான். இறங்கிப் போய் முட்டிபோட்டுப் பார்ப்பான். தட்டிய இடத்தைத் தடவிக்கொடுப்பான். கல்யாணமான ஐந்து வருஷத்தில் அவளை ஒருநாளும் அப்படித் தடவிக்கொடுத்தவனில்லை.

திரும்பி வந்து உட்காருவான். கண்ணாடிகளை ஏற்றுவான். பாட்டை வைப்பான்.

அதற்கப்புறம்தான் அடிப்பான்.

அவள் வளவளவென்று பேசிக்கொண்டு வந்ததால் தட்டியதாம். வாயைத் திறக்காமல் வந்த நாளில், உம்மென்று உட்கார்ந்திருந்ததால் தட்டியதாம்.

பூபதியை ஊரில் யாரும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். கோயில் கமிட்டியில் இருக்கிறான். தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாக நிற்பான். பொங்கலுக்குப் பிறந்த வீடு போனவள் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அடிக்கறத யாராச்சும் பார்த்தாங்களா என்று அண்ணன் கேட்டான்.

வாங்கிய அடிகளைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

"சொல்லு கண்ணு."

அவள் முதல் பம்பரைக் காட்டினாள். உயரமானது.

பூபதி சிரித்தான். அவள் தோளில் கைபோட்டுக்கொண்டான். கட்டைவிரல் மட்டும் கழுத்தெலும்புக்கு இறங்கி அழுத்தியது. அங்கே போன வாரத்து வீக்கம் இன்னும் வடியவில்லை. அவனுக்கு அது தெரியும்.

"மேடத்தக் கேக்காம ஒண்ணும் பண்ண மாட்டீங்க போல சார்," என்றார் அன்வர். "குடுத்து வச்சவங்க."

கொடுத்து வைத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மூணாவதே போட்ருங்க பாய். அவளுக்கும் அதுதான் புடிச்சிருக்கு."

சொல்லிவிட்டு வீல் பார்க்கப் போனான். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த அலாய் வீல்களின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, வெண்கல நிறத்தில் ஒன்றை உருட்டிப் பார்த்தான்.

அவள் காலடியில் ஒரு வீல் ஸ்பேனர் கிடந்தது.

யோசித்துச் செய்தாளா என்றால் இல்லை. கோபம் வந்தது, எடுத்தாள். அவ்வளவுதான்.

முதல் அடியில் மூன்றாவது பம்பரின் விளிம்பு பிளந்தது. இரண்டாவதில் நடுவே விரிசல் ஓடியது. மூன்றாவதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு தெறித்துப்போய் சுவரில் பட்டது.

அவளுக்கு நன்றாக இருந்தது.

அடிப்பது இத்தனை சுலபமா என்று இருந்தது.

நான்காவது முறை ஓங்கவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

கடையில் வேலை நின்றிருந்தது. அன்வர் மேசையோரம் நின்றிருந்தார். ஃபிட்டர்கள் இரண்டு பேர். சீட் கவர் வாங்க வந்த ஒரு கணவன் மனைவி. மொத்தம் ஐந்து பேர். அவள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டாள்.

பூபதி யாரையும் பார்க்கவில்லை. உடைந்த பம்பரைப் பார்த்தான். பிறகு அவளை நோக்கி வந்தான்.

ஓடியிருக்கலாம். வாசல் நாலே எட்டுதான். ஆனாலும் அவள் நகரவில்லை. முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்ளவில்லை.

முதல் அறை காதையும் சேர்த்து விழுந்தது. டயர் அடுக்கின் மேல் போய் விழுந்தாள். தலைமுடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி அறைந்தான். வயிற்றில் மிதித்தான். ஃபிட்டர்கள் இருவரும் பாய்ந்து வந்து பின்னாலிருந்து அவனைக் கட்டிப்பிடித்தார்கள். பிடியில் திமிறிக்கொண்டே அவன் காலை வீசினான்.

அவளுக்கு ஒரு காது கொய்யென்றது. வாயில் ரத்தம் கரித்தது. டயரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

முந்தானையால் வாயைத் துடைத்தாள். பெரிய வேலை ஒன்றை முடித்தவள்போல மூச்சு விட்டாள்.

"பாத்தீங்கல்ல, பாய்?"



அன்வர் பூபதியைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டுப் பேசும் வாடிக்கையாளர். இதுவரை மூன்று பேரைக் கடைக்குக் கூட்டிவந்தவர்.

அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பிறகு, மேசைமேல் கிடந்த பூபதியின் கார் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கடை வாசலை மறித்துப் போய் நின்றார்.