சிவப்புக் கோட்டு மனிதர்

"ஆள் இல்லாத மலை வெறும் கல்லுக் குவியல்னு போன தடவை திட்டினேனே, இப்பப் பாரு! எங்கேயோ போயிட்டே கிளைட்!"

பத்திரிகை ஆசிரியர் லாத்ரப், படம் பதிந்த கண்ணாடித் தகடுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அலாஸ்காவின் பனிமலைகள் வண்ணத்தில் ஜொலித்தன. ஒவ்வொரு படத்திலும் சிவப்புக் கோட்டு போட்ட ஒருவர் நின்றிருந்தார்.

அது லாத்ரப் போட்ட சட்டம். நாலு பேராசிரியர்கள் மட்டும் படித்துக் கொட்டாவி விட்ட புவியியல் பத்திரிகையை அமெரிக்காவின் வீடுதோறும் கொண்டு சேர்த்தவர் அவர். சிவப்பு உடையில் ஓர் ஆள் நின்றால்தான் மலையின் உயரம் புரியும், வண்ணமும் எடுப்பாக இருக்கும் என்பார். ஆள் இல்லாத படம் குப்பைக்கூடைக்குப் போகும். இந்த முறையும் அப்படிக் கொண்டுவந்தால் வேலை கிடையாது என்று சொல்லித்தான் புகைப்படக்காரன் கிளைட்டை வாஷிங்டனிலிருந்து அனுப்பியிருந்தார்.

"யாருப்பா இவரு?"

"வழிகாட்டி சார். ஆண்டர்ஸ்."

"பலே ஆளுய்யா! இந்தக் கலர்ப் படத்துக்கு ரொம்ப நேரம் மூச்சுகூட விடாம நிக்கணும். கொஞ்சம் அசைஞ்சாலும் கலங்கிப்போகும். அந்தக் குளிர்காத்துல மனுஷன் இம்மியும் அசையலையே! எங்கெங்கெல்லாம் உன்னைக் கூட்டிட்டுப் போயிருக்கார்!"

"நான்தான் சார் அவரைக் கூட்டிட்டுப் போனேன். சறுக்கு வண்டியில வச்சு."

லாத்ரப் அதைக் காதில் வாங்கவில்லை. கிளைட் மடியில் இருந்த தொப்பியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"ஆமா, எல்லாத்துலயும் முதுகைக் காட்டிக்கிட்டே நிக்கிறாரே, கூச்சமா?"

"முகத்தை எடுக்க எனக்குத்தான் மனசு வரல."

"அட போப்பா! அட்டைப் படமே இதுதான். நம்ம ஆண்டு விருந்துக்கு அவரை வரவழைச்சு மேடையேத்துறோம். இப்பவே தந்தி கொடு."

"வேண்டாம் சார்."

"ஏன்? பேரெல்லாம் உனக்கே கிடைக்கணுமா?"

கிளைட்டின் கண்கள் கலங்கிவிட்டன.

"படம் இல்லாம வந்தா வேலை போயிடும்னு பயந்துட்டேன் சார். மலையேறின முதல் நாளே ஆண்டர்ஸ் சறுக்கி விழுந்து செத்துட்டாரு. நான் படமெடுக்க ஆரம்பிச்சது மறுநாள்."