சம்பியன் வீட்டுச் சம்பந்தம்

தேத்தண்ணியை ஒருவரும் தொடவில்லை.

வீட்டுக்காரர் செபம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கோப்பையில் கை வைப்பது. பண்டத்தரிப்பில் கிறிஸ்தவ வேதக்காரர் வீடுகளில் அதுதான் வழக்கம். மாப்பிள்ளையும் அவன் வீட்டாருமாக வந்த ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்கள்.

செபநாயகம் எழும்பி நின்றார்.

ஆறடி இரண்டங்குலம். எந்த வீட்டு நிலைக்கும் குனிந்து போக வேண்டிய ஆள். 1926ஆம் ஆண்டு வரைக்கும் ஒன்பது வருஷம் கொழும்பில் பெரிய எடைக் குத்துச்சண்டையில் அவர்தான் சம்பியன். கப்பல்காரன், பட்டாளத்துக்காரன், தோட்டத்துத் துரை என்று எத்தனையோ பேர் வந்து குத்தினார்கள். ஒருத்தனாலும் ஆளை விழுத்த முடியவில்லை.

விழாததுதான் வினை. விழுந்தவனுக்கு அடி அத்தோடு நின்றுவிடும். நின்றவனுக்கு மிச்சம் முழுக்கத் தலையில்தான்.

இப்போது கை ஆடியது. கால் ஆடியது. நாக்கு, மழையில் நனைந்த கையுறை மாதிரி வாய்க்குள் கிடந்தது.

அறைக் கதவுக்குப் பின்னால் மகள் தேவமலர் நின்றாள். இருபத்தாறு வயது. மாப்பிள்ளையும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்கள். இவனைத் தவிர வேறு ஒருவனையும் அவள் கட்டமாட்டாள் என்பது தகப்பனுக்குத் தெரியும். அவள் சொல்லித் தெரிந்ததல்ல.

போன வருஷம் வந்த சம்பந்தம் வாசல் படலையோடு திரும்பிப் போனது. "தகப்பனுக்குத் தலை வருத்தமாம். இரத்தத்திலை ஓடுற சாமான். பேரப்பிள்ளையளுக்கும் வரும்" என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டான். ஊரில் நல்லது செய்ய ஆள் தேட வேண்டும். இதற்குத் தேடத் தேவையில்லை. குத்து வாங்கிய தலை வேறு, பைத்தியம் பிடித்த தலை வேறு என்று சொல்ல ஒரு டாக்குத்தரும் வரவில்லை. வந்து சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டார்கள்.

அதனால் மனைவி இராசாத்தி ஒரு மாதமாக அவருக்குச் செபம் பழக்கியிருந்தாள். நாலே நாலு வரி. கிணற்றடியில் நின்று சொன்னால் பிசகாமல் வரும்.

"ஆண்டவரே," என்றார். வந்தது.

"இந்த ஆ... ஆகா..."

அவ்வளவுதான். வாயோரத்தில் எச்சில் வடிந்தது. மேசையைப் பிடிக்கப் போன கை தட்டைத் தட்டிவிட்டது. பயற்றம் பணியாரம் நிலமெல்லாம் உருண்டது. சாய்ந்த உடம்பை, காலொன்றைப் பின்னுக்கு அகட்டி வைத்து நிறுத்தினார். அந்தக் கால் மட்டும் பழசை மறக்கவில்லை.

ஏழு பேரும் தலை நிமிர்ந்தார்கள்.

மாப்பிள்ளையின் தகப்பன் தம்பிஐயா, தெல்லிப்பழையில் உபதேசியார். மதுவிலக்குச் சங்கத்துக்கு இருபது வருஷமாகக் காரியதரிசி. கள்ளுக் கொட்டிலுக்கு முன்னால் நின்று பிரசங்கம் செய்கிறவர். அவர் செபநாயகத்தைக் காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்தார். மூக்கை ஒருதரம் உறிஞ்சிப் பார்த்தார்.

"அண்ணை, ஒளிக்காமல் சொல்லுங்கோ. குடிச்சிருக்கிறியளோ, இல்லாட்டி ஊர் கதைக்கிற தலை வருத்தம்தானோ உது?"

இராசாத்தி வாயைத் திறந்தாள். செபநாயகம் கையைக் காட்டி மறித்தார்.

அவருக்கு நாக்குத்தான் பின்னுக்கு நின்றது. புத்தி தெளிவாகவே நின்றது. அதுதான் கொடுமை. குடிகாரன் வீட்டில் பெண் எடுப்பார்கள். குடியை விடுவிக்கலாம் என்று நினைப்பார்கள். தலை வருத்தக்காரன் வீட்டில் எடுக்கமாட்டார்கள்.

"குடிச்சனான்," என்றார்.

அந்த ஒரு சொல் தடக்கமில்லாமல் வந்தது.

கதவுக்குப் பின்னால் "ஐயோ அப்பா" என்று ஒரு சத்தம்.

உபதேசியாரின் முகம் தெளிந்துவிட்டது. இது அவருக்குத் தெரிந்த வருத்தம். மருந்தும் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. இனி ஒரு துளியும் தொடமாட்டேன் என்று அச்சடித்த சத்தியக் கடதாசியை எடுத்து விரித்து, மேசையில் கிடந்த வேதப்புத்தகத்தின் மேல் வைத்தார்.

"உதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ."

அதே மாதிரிக் கடதாசி ஒன்று அந்த வேதப்புத்தகத்துக்குள்ளும் இருந்தது. 1903 என்று போட்டது. மிஷன் பள்ளிக்கூடத்தில், பன்னிரண்டு வயதில், செபநாயகம் வைத்த கையெழுத்து. முத்து முத்தான எழுத்து. வென்ற கோப்பைக்குள் கொழும்புத் துரைமார் சாராயம் ஊற்றி நீட்டியபோதும் கவிழ்த்து வைத்துவிட்டு வந்த மனிதர்.

அந்தப் புத்தகத்தை ஒருவரும் திறக்கவில்லை. திறக்கவும் கூடாது.

அவர் பேனையைப் பிடித்தார். அது விரலுக்குள் நிற்கவில்லை. இரண்டாந்தரம் எடுத்துக் கொடுத்தார்கள். கடைசியில் மையில் பெருவிரலைத் தோய்த்து, இராசாத்தி கையைப் பிடித்து அழுத்திவிட்டாள்.

உபதேசியார் சந்தோஷமாகக் கோப்பையை எடுத்தார்.

"ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அண்ணை. எத்தினை குடிகாரரைப் பாத்திருக்கிறன். விட்டு மூண்டு மாதத்திலை உந்த நடுக்கம் நிண்டுபோம். கை நடுக்கம் நிண்ட கிழமையே கலியாணத்தை வைப்பம்."

ஏழு பேரும் ஆறிய தேத்தண்ணியைக் குடித்தார்கள்.

தேவமலர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து நின்றாள். அவள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. தகப்பனின் கையைத்தான் பார்த்தாள்.

செபநாயகம் அந்தக் கையை மற்றக் கையால் பொத்திப் பிடித்தார். இரண்டும் சேர்ந்து ஆடின.