கீரிப்பாறை ஏற்றம்

"இறக்கத்துல மாட்டுவண்டியும்தான் ஓடும் அண்ணாச்சி. நான் சமதளத்துலதான் ஓட்டிப் பாப்பேன்" என்றாள் ரெஜிஷா.

பழைய மின்சாரக் கார்களை வாங்கி விற்கும் ராஜகுமார் அசடு வழியச் சிரித்தார். கார் வாங்க வருகிறவர்களைக் கீரிப்பாறைக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து மலையிறக்கி நாகர்கோவிலுக்கு ஓட்டிக் காட்டுவதுதான் அவர் வழக்கம். இறங்க இறங்க பேட்டரி குறையாது. 'இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்' என்று மீட்டர் காட்டுகிற எண் பொங்கும் பால் மாதிரி மேலே ஏறும். பார்க்கிறவன் வாயைப் பிளந்துகொண்டு முன்பணம் கொடுத்துவிடுவான்.

இவளிடம் அந்தப் பருப்பு வேகவில்லை.

"முந்நூத்தம்பது ஓடும்னு எழுதிப் போட்டிருக்கியளே, அது எந்த ஊரு கணக்கு?"

"கம்பெனிக்காரன் சொன்னது மக்கா."

"கம்பெனிக்காரன் கெடக்கட்டும். குண்டும் குழியுமா கெடக்க நம்ம ரோட்டுல எவ்வளவு ஓடும்? அதச் சொல்லுங்க."

"எரநூத்தம்பதுக்குக் கொறையாது."

"ஒரு நிமிசத்துல நூறு போயிட்டு. இன்னும் கொஞ்சம் நின்னா என்ன ஆவுமோ!"

அவள் வெடுவெடுப்புக்குக் காரணம் இருந்தது. தோள்பட்டை இறங்கிக் கடல் வேலையை விட்ட அப்பா மரியானுக்கு வாடகை ஓட்டந்தான் பிழைப்பு. ஒருதரம் சார்ஜ் போட்டால், ஊர்க்காரர்களை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு நாலு நடையாவது ஏற்றி இறக்க வேண்டும். பாதியில் வண்டி படுத்தால் வீட்டில் அடுப்பும் படுத்துவிடும். இந்த வெள்ளைக் காரின் பேட்டரிக்கு உண்மையில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று தெரியாமல் அவள் இன்றைக்கு வீடு திரும்புவதாக இல்லை.

ராஜகுமார் முன்சீட்டில் ஏறிக் கதவை அடித்தார். சேரவில்லை. ஓங்கி அடித்தார். அப்போதும் சேரவில்லை. ரெஜிஷா சுற்றி வந்து, கதவை லேசாக மேலே தூக்கிச் சாத்தினாள். சத்தமில்லாமல் பொருந்திக்கொண்டது.

"கைராசி உள்ள பிள்ளதான்" என்றார் அவர்.

அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, செல்போனை மீட்டருக்கு நேராக மாட்டி வைத்தாள். "வீட்டுல காட்டணும். மீட்டர் கொறையுதது முச்சூடும் வீடியோல இருக்கட்டும்."

"எடு, எடு. எனக்கென்ன பயமா?"

நாகர்கோவிலிலிருந்து கடற்கரைப் பக்கமாக, ஏசியை முழுசாக வைத்து ஓட்டினாள். வெள்ளிச்சந்தை வந்தது. பேட்டரியில் நாலு சதவீதம்கூடக் குறையவில்லை. அவள் சந்தேகம்தான் கூடியது.

"மீட்டர்ல ஏதும் கைய வச்சிருக்கியளா?"

"ஏட்டி, நீ போலீசுக்குப் படிச்சிருக்கணும். ஏதோ தெரியாம காலேஜுக்குப் போயிட்ட."

"பேச்ச மாத்தாதீங்க. பேட்டரி இவ்வளவு நல்லா இருந்தா, முன்ன வச்சிருந்தவரு ஏன் வித்தாரு? அதுக்கு பதில் சொல்லுங்க. இல்லன்னா இப்பவே வண்டியத் திருப்புதேன்."

கைக்கு வந்த வியாபாரம் நழுவுவது ராஜகுமாருக்குத் தெரிந்தது. போன் ஓடிக்கொண்டிருப்பதை மறந்துவிட்டார்.

"சொன்னா சிரிக்கப்பிடாது. அவனா விக்கல. நான் விக்க வச்சேன்."

"எப்படி?"

"ஏதோ சத்தம் கேக்குன்னு காட்ட வந்தான். ஓட்டிப் பாக்கணும்னு சொல்லி கீரிப்பாறை ஏத்தத்துல ஏத்தினேன். மிதிச்ச மிதியில மீட்டர் தடதடன்னு எறங்கிச்சு. பேட்டரி செத்துட்டு, இனி இது வெறும் தகரம்னு சொன்னேன். ஆளு அழாத குற. பழைய இரும்பு போடுத ஆக்கர் வெலைக்குத் தந்துட்டு பஸ் ஏறிப் போனான்."

"ஒரு கேள்விகூட கேக்கலியா?"

"என்னத்தக் கேப்பான்? பள்ளிக்கூடத்து வாசல மிதிக்காத ஆளு. ஏத்தத்துல கொறஞ்சா எறக்கத்துல கூடும்னு அவனுக்கு யாரு சொல்லிக் குடுக்கது? இந்த பேட்டரி கல்லு மாதிரி கெடக்கு மக்கா. இப்பமாவது நம்புதியா?"

ரெஜிஷாவின் விரல்கள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தன.

"நம்புதேன்" என்றாள். குரலில் சந்தேகம் துளியும் இல்லை.

மணவாளக்குறிச்சி வந்ததும் வண்டியைக் கடியப்பட்டணம் சாலைக்குத் திருப்பினாள்.

"இங்க எங்க போற?"

"எங்க அப்பா ஒருதரம் வண்டியப் பாக்கணும். அவரு பாத்தாச்சுன்னா முடிச்சிரலாம்."

ராஜகுமார் உற்சாகமாகத் தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டார். மாமனாரைப் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி சட்டைக் காலரையும் இழுத்துச் சரிசெய்தார். அப்பன்மார்களை மடக்குவது அவருக்கு எப்போதுமே எளிது.

கோயில் முகப்பில் மரியான் நின்றிருந்தார். அவரோடு ஊர்க்கமிட்டிக்காரர்கள் சிலரும் நின்றார்கள். கும்பிடத் தூக்கிய ராஜகுமாரின் கைகள் பாதியில் நின்றன.

ரெஜிஷா கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னாள்:

"நம்ம வண்டிக்கு ஒண்ணும் ஆவலப்பா."