ஷாரோவுக்கு வெள்ளிக்கிழமை வரை கெடு

"வவ்... வவ்... வவ்வவ்வவ்!"

குரைத்தது நாய் இல்லை. கட்டட நிர்வாகி தோசெவ். சோஃபியா நகரத்தின் அந்த எட்டு மாடிக் கட்டடத்தில், கீழ்த்தளத்துத் தபால் பெட்டிகளுக்கு முன்னால், குடியிருப்போர் கூட்டத்தில், கழுத்தை நீட்டி நாக்கைத் தொங்கப்போட்டு நடித்தே காட்டினார்.

"இதேதான், காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும்! அஞ்சாவது மாடி சோர்னிட்சா வேலைக்குக் கிளம்பினதும் கச்சேரி ஆரம்பம்!"

"நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து படுக்குறேன். கண்ணை மூடினா காதுக்குள்ள வவ்வுங்குது," என்று நர்ஸ் ருமியானா கொட்டாவி விட்டாள். "யாரோ பாவம், வெந்நீர்க் குழாயைத் தட்டித் தட்டிப் பார்க்குறாங்க. அடங்கினாத்தானே!"

சோர்னிட்சாவின் முகம் சிவந்தது. "ஷாரோ சும்மா குரைக்கிற நாயே இல்லை அண்ணே. விடியறதுக்குள்ள நடத்திக் கூட்டிட்டு வந்து, சாப்பாடு வெச்சுட்டுத்தான் போறேன். வேலைக்குப் போறவ, வேற என்ன பண்ணுவேன்?"

"'வேலைக்குப் போறவ, வேற என்ன பண்ணுவே...ன்?'" தோசெவ் அவள் குரலிலேயே இழுத்துக் காட்ட, கூட்டம் சிரித்தது. "நானும்தான் வேலைக்குப் போறேன். நேரமில்லாதவ எதுக்கம்மா வளர்க்கணும்? வாயில்லா ஜீவன்! அதை உள்ள வெச்சுப் பூட்டி, சாவியை பாக்கெட்டுல போட்டுட்டுப் போக எப்படி மனசு வருது? நீயெல்லாம் மனுஷியா?"

"அதுக்கும் சேர்த்துத்தானே லிஃப்டுக்கு ரெண்டு ஆள் கணக்குல கட்டறேன்?"

"கட்டித்தான் ஆகணும்! இங்க நாயும் ஒரு ஆள்தான். நானும் இருக்கேன், ஒத்தை ஆள். என் வீட்டுலேர்ந்து ஒரு சத்தம் வந்திருக்கா? வெள்ளிக்கிழமைக்குள்ள நாய் போகணும். இல்லைன்னா உன் வீட்டு ஓனருக்கு போன் போடுவேன். நீயும் சேர்ந்து போ!"

பனியில் நடுங்கிக் கிடந்த குட்டியைக் கோட்டுக்குள் வைத்துத் தூக்கி வந்தவள் அவள். அதை இப்போது யாரிடம் தள்ளுவது?

வியாழக்கிழமை லீவு போட்டாள். ஷூவைக் கழற்றிவிட்டுச் சமையலறையில் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள்.

"எப்பதான் குரைக்கிறேன்னு பார்த்துடறேன்டா."

ஷாரோ குறட்டை விட்டது.

வெயில் ஜன்னலுக்கு வந்த நேரம்.

டங். டங். டங்.

எல்லா மாடிகளுக்கும் சேர்த்துச் சுவரோரம் ஓடும் வெந்நீர்க் குழாயிலிருந்து வந்தது. யார் வீட்டிலாவது சத்தம் அதிகமானால் அடுத்த வீட்டுக்காரர் கரண்டியால் குழாயைத் தட்டுவார். 'வாயை மூடு' என்று அர்த்தம். ஆனால் இங்கே யாரும் வாயையே திறக்கவில்லையே!

ஷாரோ துள்ளி எழுந்தது. குழாயில் மூக்கை வைத்தது. "வவ்?"

டங். டங்.

"வவ், வவ்!"

"அடப்பாவி! சீண்டி விடறது யாரோ, பழி என் பிள்ளை மேலயா?"

நாயோடு படியிறங்கினாள். கதவு கதவாகக் காது வைத்தாள். நாலாவது மாடியில் ஒன்றுமில்லை. மூன்றாவது மாடியில்...

டங். டங்.

கதவில் பளபளவென்று பெயர்ப்பலகை: 'தோசெவ், கட்டட நிர்வாகி.'

சோர்னிட்சாவுக்குக் காது வரைக்கும் சுட்டது. வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் கரண்டியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாரா மனுஷன்!

கதவைத் தடதடவென்று இடித்தாள். "தோசெவ் அண்ணே! வெளிய வாங்க! உங்க கச்சேரியை நானும் கேட்டாச்சு!"

உள்ளே சட்டென்று அமைதி. யாரோ மூச்சை அடக்கிக்கொண்ட அமைதி.

"ஒளிஞ்சுக்கிறீங்களா? ரொட்டி வாங்கவாவது வந்துதானே ஆகணும்? நான் நகர மாட்டேன்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "'வாயில்லா ஜீவன்! நீயெல்லாம் மனுஷியா?'" என்று அவர் குரலில் ஷாரோவிடம் பேசிப் பார்த்துக்கொண்டாள். ஷாரோ கண்டுகொள்ளவில்லை. கதவிடுக்கில் மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டு வாலை ஆட்டியது.

"எதிரி வீட்டு வாசல்ல வாலாட்டறியே, வெட்கமா இல்ல?"

சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்பிய ருமியானா பார்த்துவிட்டாள். "என்னடி இங்க?"

"உன் தூக்கத்தைக் கெடுத்தவரைப் பிடிக்கத்தான். உள்ளதான் இருக்கார்."

"நம்ம நிர்வாகியா? இதைப் பார்க்காம நான் போகவே மாட்டேன்!"

கொஞ்ச நேரத்தில் தோசெவ் வந்தார். உள்ளேயிருந்து அல்ல. கீழேயிருந்து, மூச்சு வாங்க, கையில் ரொட்டியும் தயிரும்.

சோர்னிட்சா திகைத்தாள். அப்படியானால் உள்ளே?

"இங்க என்ன வேலை? நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஞாபகம் இருக்கில்ல? அந்தச் சனியனை வாசல்லேர்ந்து இழு!" என்று சீறியபடியே பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தார்.

உள்ளே, டங். டங்.

"வவ்?" என்றது ஷாரோ.

சாவி பிடித்த கை அப்படியே நின்றது.

"ஒத்தை ஆள்னுதானே சொன்னீங்க?" என்றாள் ருமியானா.

தோசெவின் குரல் இறங்கிவிட்டது. "அம்மா... ஊர்லேர்ந்து கூட்டிட்டு வந்தேன். வெளிய விட்டா வழி தவறிடறாங்க. யார் கதவைத் தட்டினாலும் பேசாதேன்னு சொல்லி வெச்சிருக்கேன். வேலைக்குப் போறவன், வேற என்ன பண்ணுவேன்?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு நடுங்கும் குரல் வந்தது:

"அதைத் திட்டாதேடா மகனே. நாள் பூரா தட்டறேன். இந்தக் கட்டடத்துலயே 'யாரு?'ன்னு கேக்கறது அது ஒண்ணுதான்."