மானியத்துக்கு ஒரு ஆள் குறைவு

“நாளைக்கு ஆபீசரம்மா வந்து கேட்டா, கார்குழலி லீவுல இருக்கான்னு சொல்லிடலாம் முதலாளி,” என்றான் ராஜவேல்.

ஆதிமூலம் கையிலிருந்த கணக்கு நோட்டை மூடி வைத்தார்.

தட்டாஞ்சாவடியில் அவருக்கு ஒரு லேத் பட்டறை. பம்புசெட்டுக்கான உதிரி பாகங்களைக் கடைந்து கொடுக்கிற சின்ன இடம். ராஜவேல் அங்கே சூப்பர்வைசர்.

தொழிலாளிகளுக்கு முதலாளியே பணம் கட்டிப் புது வேலை கற்றுக் கொடுத்தால், அந்தச் செலவில் பாதியை அரசாங்கம் மானியமாகத் தரும் என்று ஒரு திட்டம் வந்திருந்தது. கற்றுக்கொண்டவர்கள் ஒரு வருஷமாவது அதே இடத்தில் வேலை செய்ய வேண்டும். வருஷக் கடைசியில் நேரில் வந்து பார்ப்பார்கள். ஒருத்தர் விலகியிருந்தாலும் மொத்த மானியமும் போச்சு.

ஆதிமூலம் மூணு பேரை சி.என்.சி. மெஷின் பயிற்சிக்கு அனுப்பினார். இரண்டு ஆண்கள், கூடவே கார்குழலி. அவள் அதுவரை கடைந்த பாகங்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவள்.

ராஜவேல் அப்போதே தடுத்தான். கம்ப்யூட்டரில் ஓடுகிற மெஷினுக்கு அவள் எதற்கு, விமல்ராஜை அனுப்பலாமே என்றான். விமல்ராஜுக்கு அடுத்த தடவை என்று சொல்லிவிட்டார் ஆதிமூலம்.

கார்குழலிக்குக் கனகசெட்டிக்குளம். புருஷன் கடலுக்குப் போகிறவன். படகைக் கரையேற்றும்போது இடுப்பில் அடிபட்டதிலிருந்து வீட்டோடு கிடந்தான். அவனைக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் பட்டறைக்கு ஓடி வருவதுமாகவே அவள் பயிற்சியை முடித்தாள். மூணு பேரில் மெஷினை முதலில் தனியாக ஓட்டிக் காட்டியதும் அவள்தான்.

வருஷம் முடிய கொஞ்ச நாள் இருக்கும்போது, திடீரென்று நின்றுவிட்டாள். காலாப்பட்டுப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்துவிட்டாள் என்று பிறகுதான் தெரிந்தது.

பட்டறையே அவளைத் திட்டியது. தன் முறைக்குக் காத்திருந்த விமல்ராஜ் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மானியம் வந்தால் பழைய கம்ப்ரசரை மாற்றிவிடலாம் என்று இருந்த ராஜவேலுக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை.

மறுநாள் சொன்னபடி அதிகாரி சுவேதா வந்தார். மெஷினைப் பார்த்தார். பயிற்சி முடித்த இருவரிடமும் பேசினார். மூணாவது ஆள் எங்கே என்று கேட்டார்.

ராஜவேல் முந்திக்கொண்டு லீவு என்றான். புருஷனுக்கு உடம்பு சரியில்லை என்றும் சேர்த்துக்கொண்டான்.

“இல்லம்மா,” என்றார் ஆதிமூலம். “அவ இங்கிருந்து நின்னுட்டா. இப்ப வேற கம்பெனியில இருக்கா.”

சுவேதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியென்றால் மானியத்துக்கு எழுத வழியில்லை என்று தயக்கத்தோடு சொன்னார். ஆதிமூலம் தெரியும் என்று தலையாட்டினார். அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்து, வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

ராஜவேல் குமுறிக்கொண்டு நின்றான்.

“நீங்க சும்மா இருந்திருந்தா கெடைச்சிருக்கும் முதலாளி. அந்த நன்றிகெட்டவளால எல்லாம் போச்சு. நான் விடல. போன ஞாயித்துக்கிழமை பெரிய மார்க்கெட்டுல புடிச்சு, நாலு பேரு பாக்க நல்லா கேட்டுட்டேன்.”

ஆதிமூலம் நிமிர்ந்தார். “இன்னா கேட்ட?”

தொழில் கற்றுக் கொடுத்தவர் வயிற்றில் அடித்துவிட்டுப் போனாயே, உனக்கெல்லாம் சோறு இறங்குதா என்று கேட்டதாகச் சொன்னான். காய்கறிக் கடைக்காரர்கள்கூட வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்களாம்.

“அதுக்கு அவ இன்னா சொன்னா?”

“சொல்றதுக்கு வாய் ஏது? தலையக் குனிஞ்சிக்கிட்டு நின்னா. போறப்போ, முதலாளி நல்லா இருக்காரான்னு ஒரு விசாரிப்பு வேற.”

ஆதிமூலம் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். அவள் புருஷனுக்கு இடுப்பில் ஆபரேஷன் செய்ய வேண்டும். அந்தக் கம்பெனியில் குடும்பத்துக்கும் சேர்த்து வைத்தியச் செலவைப் பார்த்துக்கொள்கிறார்கள். நம்ம பட்டறையால் எந்தக் காலத்திலும் கொடுக்க முடியாத சம்பளம். அவர்கள் ஆள் எடுத்தது அந்த ஒரு வாரம்தான். விட்டால் மறுபடி எப்போது எடுப்பார்களோ.

“விமல்ராஜை அடுத்த மாசம் என் செலவுலயே அனுப்புறேன். கம்ப்ரசரு இன்னும் கொஞ்ச நாளு இழுக்கும்,” என்றார்.

ராஜவேலுக்கு ஒன்றும் புரியவில்லை.

“அவ போவப்போறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சுமா தடுக்காம இருந்தீங்க?”

“நான் எங்கடா தடுக்கிறது? வருஷம் முடியாம போவ மாட்டேன்னு அழுதுக்கிட்டு நின்னவளை, ராஜவேல் காதுக்குப் போனா விடமாட்டான், யாருகிட்டயும் மூச்சு விடாதேன்னு சொல்லி, அந்தக் கம்பெனி வாசல்ல கொண்டுபோயி விட்டுட்டு வந்ததே நான்தான்.”