கண்ணாடிப் பெட்டிக்குள் குறடு

"அந்த அட்டையைக் கழட்டுங்க. இல்லேன்னா நான் இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்!"

மியூசியத்தின் புது அறையைத் திறந்துவைக்க மந்திரி வந்துகொண்டிருந்தார். இந்த நேரம் பார்த்தா இந்தம்மா வந்து நிற்கணும்? ஓடிப்போய் மியூசிய இயக்குநரைக் கூட்டிவந்தேன். அட்டைக்கு வாசகம் எழுதுகிறவன் நான்தானே!

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய குறடு. கீழே என் வாசகம்: 'அந்நிய ஆட்சியை நடுங்கவைத்த தியாகி, வெடிகுண்டு செய்யப் பயன்படுத்திய குறடு.'

"தியாகியாம், தியாகி! ரயில் நிலையத்துல குண்டு வெச்ச ஆளு. செத்த ஏழு பேர்ல ஒரு சிப்பாயாவது உண்டா? எல்லாம் வண்டிக்குக் காத்திருந்த ஜனங்க. பயங்கரவாதின்னு எழுதுங்க."

இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"அம்மா, அந்த வார்த்தையோட சரித்திரம் தெரியுமா? முதல்ல அது, ஜனங்களை மிரட்டி ஆண்ட அரசாங்கத்துக்கு வெச்ச பேரு. அப்புறம் அரசாங்கங்க அதைத் தூக்கி, எதிர்த்தவங்க தலையில கட்டிடுச்சு. இன்னிவரைக்கும் உலகம் பூரா ஒத்துக்கிட்ட விளக்கம் கிடையாது."

"செத்தவங்களுக்கு விளக்கம் எதுக்கு சார்?"

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "அங்க உங்க வீட்டு ஆளுங்க யாராவது..."

அந்தம்மா கண்ணாடிப் பெட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவம், யாரைப் பறிகொடுத்தாரோ என்று எனக்கே மனசு இளகிவிட்டது.

வாசலில் சைரன் சத்தம். இயக்குநருக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போயிற்று.

"செக்யூரிட்டி! இவங்களை வெளிய கூட்டிட்டுப் போ. அம்மா, அந்தத் தியாகியோட குடும்பம் இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வெச்சிருந்து, பார்சல்ல அனுப்பின பொருள் இது. நீங்க சொல்ற வார்த்தையைப் பார்த்தா அவங்க மனசு என்ன பாடுபடும்? பொருளைக் கொடுத்தவங்க சொல்லாம அட்டையில ஒரு எழுத்தைக்கூட மாத்தறதில்லை. அதுதான் இங்க வழக்கம்!"

செக்யூரிட்டி கையைப் பிடித்தார். அந்தம்மா வெடுக்கென்று உதறினார்.

"அனுப்பினதே நான்தான் சார். அவரோட ஒரே பொண்ணு. நாலு பேர் பார்த்துப் பயப்படட்டும்னுதான் அனுப்பினேன், கும்பிடறதுக்கு இல்லை. எங்கப்பா சாகறவரைக்கும் அந்த ஏழு பேரோட பேரைச் சொல்லித்தான் சார் அழுதாரு."