மூன்றாவது பட்டியல்

காரைக்கால் பிஸ்கட் கம்பெனி ஆபீஸின் புதுக் கம்ப்யூட்டர்மேல் எண்பத்தொன்பதாம் வருஷத்து மே வெயில் சாய்ந்து விழுகிறது. ஜன்னல் வழியாக வெந்த மாவின் வாசனை வருகிறது. ஆட்குறைப்பில் யார் போவதென்று பட்டியல் போடும் புரோகிராமை எழுதிய ஜெயமேரி, மேனேஜருக்குப் பெருமையாகக் காட்டுகிறாள்.

"யாரை நிறுத்துறதுன்னு பாக்கிற முறையை மட்டும் சர்வீஸ் வருஷம், வயசு, லீவு நாள்னு தனித்தனியா எழுதி வச்சிருக்கேன் சார். அதை மாத்தினா போதும், மத்த எதையும் தொட வேண்டாம்."

அவர் சர்வீஸைப் போடுகிறார். பிரிண்டர் கறகறக்கிறது, அவர் தேடும் பெயர் இல்லை. வயதைப் போடுகிறார்; அதிலும் இல்லை. லீவைப் போடுகிறார். முதல் வரியில் வருகிறது, மரியசூசை. யூனியன் தலைவர், அவளுடைய அப்பா. அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்த அறுபது நாள் லீவு. மேனேஜர் பிரிண்டரிலிருந்து தாளைக் கிழித்து அவளிடமே நீட்டுகிறார்.

"நல்லா எழுதியிருக்கம்மா. அப்பாகிட்ட நீயே குடுத்துடு, தபால் செலவு மிச்சம்."